விடுதலைக்குப் பிறகான மனநல உதவி மையம்: ஆள் சரி, தேதிதான் தப்பு

அண்ணன் சிறையிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. விடுதலையானவர்களுக்கென்றே ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் மனநல மையத்துக்குத்தான் போய் வருகிறோம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அவன் வெளியே வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் ஏழு நாள் மாத்திரை. மையத்தில் கிடைத்த முதல் தேதியோ இருபத்திரண்டு நாள் கழித்து. நடுவில் மாத்திரைக்கு என்ன வழி என்று கேட்டால் பதில் இல்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் காலி அட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்ததால் தப்பித்தோம். அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் சாவதற்கான அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 13 மடங்கு, அதில் முதல் காரணம் போதைமருந்து அளவு மீறுவது, ஏனென்றால் உள்ளே இருந்த காலத்தில் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பழைய அளவைத் தாங்காது. அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனாலும் எல்லாவற்றையும்விட ஆபத்தான அந்த இரண்டு வாரத்தில்தான் மையம் எங்கள் கூட இல்லை. விடுதலைக்குப் பிறகும் மனநல சிகிச்சை தொடர ஏற்பாடு வேண்டும் என்று கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐநா வகுத்த மண்டேலா விதிகளில் 110வது விதியே சொல்கிறது. சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை எடுக்க ஆள் வேண்டுமே!

போன பிறகு நடந்தது வேறு கதை. அண்ணன் வீட்டில் மூடின கதவைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவான். தாழ்கூடப் போட்டிருக்காது, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருப்பான். "கதவுதானே, தள்ளேன்" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மையத்தில் துணையாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவரும் உள்ளே இருந்து வந்தவர்தான். இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "நான் நாலு மாசம் நின்னேன் தம்பி, நீங்க பரவாயில்ல." வந்ததிலிருந்து அண்ணன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ராத்திரி அறையை அவனே பூட்டித் திறக்க வேண்டும், சாவி அவன் பையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இப்போது சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்குகிறான், விளக்கை மட்டும் இன்னும் அணைக்க விடுவதில்லை.

மனநல மருத்துவர் பத்து நிமிடம்தான் பார்ப்பார், ஆனால் மாத்திரையை ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். வரவேற்பில் இருப்பவர் எல்லார் காதிலும் விழும்படி "என்ன கேஸ்?" என்று கேட்பதை யாராவது நிறுத்தினால் புண்ணியம்.

ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று அந்தத் துணையாளருக்கு. போகிறவர்கள் விடுதலைத் தேதி தெரிந்த அன்றே பதிந்துவிடுங்கள், சிறை மருத்துவரிடம் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வந்து சேர ஆறு வாரம் ஆனது.