ஹைட்ரோ டெஸ்ட் முடிந்த ஸ்கூபா சிலிண்டரை உலர்த்துதல்: எந்த முறை தேறும்?

ஹைட்ரோ டெஸ்ட் எனப்படும் நீரழுத்தச் சோதனையில், நீருக்கடியில் சுவாசிக்கக் காற்றை அடைத்துச் செல்லும் ஸ்கூபா சிலிண்டருக்குள் நீரை நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றுகிறார்கள். சோதனை முடிந்ததும் நீரைக் கொட்டிவிடலாம். ஆனால் உட்சுவரில் படலமாக ஒட்டியிருப்பதும் கழுத்துப் பகுதியில் தங்குவதும் தானாகப் போவதில்லை. அதைப் போக்கப் பல வழிகள் புழக்கத்தில் உள்ளன. அவை எல்லாமே ஒரே தரத்தவை அல்ல.

முதலில் எவ்வளவு ஈரம் மிகை என்பதைப் பார்த்துவிடலாம். சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் நீர் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12021 வகுத்திருக்கும் வரம்பு. 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்பினால் உள்ளே செல்வது ஏறத்தாழ 2.4 கன மீட்டர் காற்று. அதனுடன் வரக்கூடிய நீர் 60 மில்லிகிராம். உள்ளே மிஞ்சிய ஒரு தேக்கரண்டி நீரோ 5,000 மில்லிகிராம். கம்ப்ரஸரின் வடிகட்டி எவ்வளவு நேர்த்தியாக உழைத்தாலும் இந்த ஒரு தேக்கரண்டி அதை வீணாக்கிவிடும்.

தலைகீழாக நிறுத்தி வடிய விடுவது எளிய முறை. சொட்டும் நீர் போய்விடும், படலம் போகாது. இதை உலர்த்தலின் முதற்படியாகக் கொள்ளலாமே தவிர, முழு முறையாகக் கொள்ள முடியாது.

உலர்ந்த காற்றை உயரழுத்தத்தில் நிரப்பி, பிறகு திறந்துவிட்டால் ஈரமும் வெளியேறிவிடும் என்று நம்புவோர் பலர். இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. ஓர் இடத்தில் தங்கக்கூடிய நீராவியின் அளவை முதன்மையாக நிர்ணயிப்பவை அந்த இடத்தின் கொள்ளளவும் வெப்பநிலையும். அழுத்தம் அதைச் சற்றுக் கூட்டலாம், பல மடங்காக்காது. 20 டிகிரி செல்சியஸில் 12 லிட்டர் இடம் ஏற்கக்கூடிய ஆவி சுமார் 0.2 கிராம் மட்டுமே. ஆகவே ஒரு தேக்கரண்டி நீரைப் போக்கப் பத்து இருபது முறை நிரப்பிக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதே 2,400 லிட்டர் காற்றை ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் குறைத்து, வால்வு கழற்றிய சிலிண்டருக்குள் அடிவரை எட்டும் குழாய் மூலம் மெதுவாகச் செலுத்தினால், அது கோட்பாட்டளவில் 40 கிராம் வரை சுமந்து வெளியேறும். நடைமுறையில் காற்று முழுவதும் ஈரம் ஏற்பதற்குள் வெளியேறிவிடும் என்பதும், ஆவியாதலால் உலோகம் குளிரும் என்பதும் உண்மைதான். ஆயினும் அதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே வேலை முடிந்துவிடும். என் தேர்வு இதுதான். பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அது எண்ணெயையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

எஃகுச் சிலிண்டராக இருந்தால் இதனுடன் வெப்பத்தையும் சேர்ப்பது நல்லது. ஈரமான எஃகில் துரு படியத் தொடங்க நெடுநேரம் ஆகாது என்பதால், கடைசியாக வெந்நீரில் அலசி, உலோகம் சூடாக இருக்கும்போதே கவிழ்த்து, உடனடியாகக் காற்றைச் செலுத்துவது பலன் தரும். துரு வெறும் கறை அன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உண்டு வளர்வது. ஈரம் தங்கி நெடுங்காலம் கிடந்த எஃகுச் சிலிண்டரில் காற்று இருந்தும் ஆக்சிஜன் போதாமல் போகலாம் என்பதே உண்மையான ஆபத்து. அலுமினியத்தில் அவ்வளவு அவசரமில்லை. வெண்ணிற ஆக்சைடு படியும், அரிப்பு பொதுவாக மெதுவாகவே நடக்கும். ஆனால் சூட்டுக்கு அலுமினியம் அஞ்சும்: அதன் வலிமை வெப்பப் பதனிடுதலால் வந்தது என்பதால், அடுப்பில் வைத்து உலர்த்துவது அந்த வலிமையையே குலைத்துவிடலாம். கை பொறுக்கும் சூடே போதும்.

ஆல்கஹால் ஊற்றி அலசுவது விரைவானதுதான். இருந்தாலும் சுவாசிக்கும் காற்றில் அதன் ஆவி கலக்கும், ஆக்சிஜன் மிகுந்த கலவை நிரப்பும் சிலிண்டரிலோ தீ அபாயமும் சேரும். இதைத் தவிர்ப்பதே முறை. வெற்றிடப் பம்ப்பும் நீரை ஆவியாக்கும். ஆனால் நீர் குளிர்ந்து வேகம் குறைவதாலும், எண்ணெய்ப் பம்ப்பாக இருந்தால் எண்ணெயாவி திரும்பி வரக்கூடும் என்பதாலும் சாதாரணப் பயன்பாட்டுக்கு அது தேவையற்ற சுமை.

வால்வைப் பூட்டிய பின் ஈரத்தைக் கண்டறிவது கடினம். தலைகீழாக்கி வால்வைத் திறந்து பார்ப்பவர்கள், வால்விலிருந்து உள்ளே நீண்டிருக்கும் சிறு குழாயை மறந்துவிடுகிறார்கள். அதன் நுனிக்குக் கீழே தேங்கிய நீர் வெளிவராது; எனவே ஒரு சொட்டும் வராததால் உள்ளே உலர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பூட்டுவதற்கு முன்பே விளக்கை உள்ளே இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

நிரப்பும்போதும் இரண்டு வழிகள் உள்ளன. சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து நிரப்பினால் சூடு ஓரளவு தணியும். ஆனால் வால்வின் வாயிலோ நிரப்பும் குழாயின் முனையிலோ தங்கிய நீர் காற்றோடு உள்ளே தள்ளப்படலாம். உலர்ந்த தரையில் மெதுவாக நிரப்புவதையே நான் பரிந்துரைப்பேன். எந்த வழியானாலும், இணைப்பதற்கு முன் சிலிண்டர் வால்வைக் கணநேரம் திறந்து மூடுவதையும், குழாயில் சிறிது காற்றை வெளியே ஊதவிடுவதையும் விட்டுவிடக் கூடாது. வால்வு ஊத வேண்டுமானால் சிலிண்டரில் சிறிதேனும் காற்று எஞ்சியிருக்க வேண்டும். முழுவதும் காலியாகும்வரை பயன்படுத்திய சிலிண்டரை அதனால்தான் நிரப்பும் முன் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்கிறார்கள்.