850 ரூபாய் அறிவியல் பெட்டி: ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் மதிப்பீடு

நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 3, 4, 5 ஆகிய வகுப்புகளுக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பில் விசையும் பருப்பொருளின் நிலைகளும், நான்கில் வேலையும் ஆற்றலும், ஐந்தில் உறுப்பு மண்டலங்களும் ஆற்றலும் எனப் பாடம் படிப்படியாக ஏறுகிறது. இவற்றில் பாதியையாவது பிள்ளைகள் கையால் தொட்டு அறிய வேண்டும் என்பதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் 850 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகே எழுதுகிறேன்.

இரண்டு சட்டக் காந்தங்கள், திசைகாட்டி, குவிலென்ஸ், வெப்பமானி, மின்கலமும் பல்பும் பொருத்திய பலகை, சிறு காற்றாலை, கையேடு ஆகியவை உள்ளே இருக்கின்றன. லென்ஸ் தெளிவானது. வெப்பமானியில் பாதரசத்துக்குப் பதில் சிவப்புச் சாயமிட்ட ஆல்கஹால் இருப்பதால் அதைப் பிள்ளைகள் கையில் அச்சமின்றிக் கொடுக்க முடிகிறது.

காந்தங்கள்தாம் இந்தப் பெட்டியின் உயிர். சேரன்மகாதேவியில் உள்ள ஆச்சி வீட்டிலிருந்து ஒரு மாணவன் தாமிரபரணி மணல் ஒரு பை கொண்டுவந்தான். காந்தத்தை அதில் இழுத்தபோது மயிர்க்கால் போலக் கறுப்புத் துகள்கள் சிலிர்த்து ஒட்டின. அவை மாக்னடைட் என்னும் இரும்புத் தாது. காந்தத்தை முதலில் தாளில் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒட்டிய துகளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மாறாக, "உலோகங்கள் அனைத்தையும் காந்தம் ஈர்க்கும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது பிழை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. சத்துணவுக் கூடத்து அலுமினியக் குண்டானும் பித்தளைச் செம்பும் ஒட்டவில்லை. பத்து வயதுப் பிள்ளை கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அச்சில் இருப்பதை நம்பும்படி செய்யும் புத்தகத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

திசைகாட்டியிலும் குறை இருந்தது. எங்கள் பள்ளி வாசலில் மலையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு. அப்படி நிறுத்தி ஊசியைப் பார்க்கச் சொன்னதும், "டீச்சர், இது திருநெல்வேலியைக் காட்டாம வள்ளியூரைல்லா காட்டுது!" என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவள் சொன்னதே சரி: திருநெல்வேலி எங்களுக்கு வடக்கே, வள்ளியூர் தெற்கே. காந்தத்துக்குப் பக்கத்துக் குழியிலேயே திசைகாட்டியை அடைத்து அனுப்பியதால் ஊசியின் முனைகள் தலைகீழாக மாறியிருந்தன. திசைகாட்டியைச் சாய்த்து ஊசியை அசையாமல் நிறுத்தி, சட்டக் காந்தத்தின் தென்முனையை ஊசியின் வாலிலிருந்து சிவப்பு நுனி வரை ஒரே திசையில் பலமுறை தேய்த்தோம். தேய்ப்பு முடியும் இடத்தில் எதிர்முனை உண்டாகும் என்பதால் சிவப்பு நுனி மறுபடி வடமுனையானது. அன்றைய பாடம் நான் திட்டமிட்டிருந்ததைவிடச் சிறப்பாக அமைந்தது உண்மைதான். ஆனாலும் பொதிந்தவர்கள் தவறு செய்ததும் உண்மை. வீட்டில் வாங்கும் பெற்றோருக்கு இதைச் சரிசெய்யும் வழி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மின்சுற்றுப் பலகை எனக்குப் பிடிக்கவில்லை. கம்பிகள் எல்லாம் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன; பிள்ளை சுவிட்சை அழுத்துகிறது, பல்பு எரிகிறது, அவ்வளவுதான். வீட்டுச் சுவிட்சு செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. சுற்று எங்கே விட்டுப்போனது என்று தேடுவதில்தான் படிப்பு இருக்கிறது. ஆகவே ஒரு கம்பியை நானே அறுத்து, இரு நுனிகளுக்கும் இடையே கரண்டி, பனையோலை ஈர்க்கு, சாக்பீஸ், இருபுறமும் சீவிய பென்சில் என ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். பென்சிலின் கரி வழியே பல்பு மங்கலாக எரிந்தபோது வகுப்பே எழுந்து நின்றது.

காற்றாலை நேர்த்தியான பொருள். இறக்கை வேகமாகச் சுழன்றால் சிறு சிவப்பு விளக்கு எரியும். ஆடிக் காற்றில் தாழ்வாரத்தில் பிடித்தாலே போதும். பணகுடிப் பக்கம் பேருந்தில் போகும்போது பார்த்த காற்றாலைகளும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குப் பருவக் காற்றும் பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வந்துவிடுகின்றன.

பள்ளிக்கென்றால் வாங்கலாம். வீட்டுக்கு வாங்குவோர், கூட உட்கார ஒரு பெரியவருக்கு நேரம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நேரமில்லையெனில் நல்ல காந்தம் ஒன்றும் லென்ஸ் ஒன்றும் தனியாக வாங்கினாலே போதும். கையேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே விடை இருப்பதால், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. திசைகாட்டியைக் காந்தத்துக்கு எட்டாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அது இருந்த குழியில் இப்போது ஒரு மாத்திரை டப்பா நிறையக் கறுப்பு மணல் இருக்கிறது.