25 எஞ்சினா, 40 எஞ்சினா? கடற்கரை ஊரில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

திருகோணமலையில் ரிமோட்டில் மாடல் விமானம் பறக்கவிடுகிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் புதிதாக வருகிற பொடியன்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "அண்ணா, 25 காணுமா, 40 போடவா?" நான் பல வருடமாக ஒரே விமானத்தில் ஒரே 25 எஞ்சினைத்தான் ஓட்டுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானப் பெட்டியில் போட்டிருக்கிற அளவுகளில் சின்னதை எடுங்கள், மிஞ்சுகிற காசுக்கு நாலைந்து விதமான புரொப்பெல்லர் வாங்குங்கள்.

இந்த 25, 40 என்பதெல்லாம் கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 25 என்றால் 0.25 கன அங்குலம், அதாவது 4.1 சி.சி. 40 என்றால் 6.5 சி.சி., 46 என்றால் 7.5 சி.சி. ஆக 25ஐ விட்டு 46க்குப் போகிறவர் ஒரு படி ஏறவில்லை, எஞ்சினை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறார். பெட்டியில் டூ ஸ்ட்ரோக்குக்கு ஒரு அளவும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அதைவிடப் பெரிய அளவும் போட்டிருப்பார்கள், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். 40 டூ ஸ்ட்ரோக் போகிற இடத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 52 மாதிரி வேண்டிவரும்.

என்னிடம் இருப்பது பால்சாக் கட்டையில் செய்த மேல்இறக்கை ட்ரெய்னர், அதாவது ஓட்டிப் பழகுகிற விமானம். இறக்கை 50 அங்குல நீளம், ஒன்பதரை அங்குல அகலம், எரிபொருள் ஊற்றாமல் 1.6 கிலோ. எஞ்சின் ஓ.எஸ். 25 எல்ஏ. செங்குத்தாக ஏறாது, மூக்கை மேலே வைத்து அந்தரத்தில் தொங்காது. ஆனால் தரையை விட்டுச் சுத்தமாக எழும்பும், லூப் அடிக்கும் (முதலில் கொஞ்சம் மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க வேண்டும்), த்ரொட்டிலைக் குறைத்தால் மெதுவாக வந்து இறங்கும். ட்ரெய்னரிடம் வேறு என்ன கேட்பது?

பாரத்துக்கு வருவோம். பெயாரிங் வைத்த 46 எஞ்சின் ஒன்று மப்ளரோடு அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், 25 எல்ஏ அதில் பாதி மாதிரித்தான். கூடுகிற 200 கிராமும் போய் உட்காருகிற இடம் மூக்கு. பலன்ஸ் புள்ளிக்கு 25 செ.மீ. முன்னால் எஞ்சின், 60 செ.மீ. பின்னால் வால் என்று வைத்துக்கொண்டால், மூக்கில் ஏறுகிற ஒவ்வொரு 100 கிராமுக்கும் வாலில் 40 கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். பற்றரியைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் சமாளிக்கலாம், முழுக்க முடியாது. பெரிய டாங்கியும் சேர்ந்தால் 1.6 கிலோ விமானம் 1.9 கிலோவாகிவிடும். சதுர டெசிமீற்றருக்கு 52 கிராம் சுமந்த இறக்கை இப்போது 62 கிராம் சுமக்கிறது, ஸ்டோல் ஆகும் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விமானம் விழும்) ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. படிக்கிற பொடியனுக்கு அந்த 9 சதவீதம்தான் தரையிறக்கும்போது லேண்டிங் கியரைப் பிடுங்குகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதே விமானத்துக்கு 40 போட்டிருக்கிறார். ஏறுவது பார்க்க நல்லாத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினைப் பூட்டின முன்பலகையின் திருகுகள் அதிர்வில் அடிக்கடி தளரும், ஒவ்வொரு தடவையும் இறுக்கிவிட்டுத்தான் ஏற்றுவார். பறக்கும்போது முக்கால்வாசி நேரம் அரை த்ரொட்டிலில் வைத்திருப்பார். "பிறகு ஏன் இவ்வளவு பாரத்தைக் காவுறீங்கள்?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

சரி, காற்று. சீனன்குடாவில் விமானப்படை ஓடுதளம் இருக்கிற ஊர் இது, நினைத்த இடத்தில் அனுமதி கேட்காமல் ஏற்ற ஏலாது. நாங்கள் போவது வடக்கே குச்சவெளிப் பக்கம். அங்கே வெளி இருக்கிறது, ஆனால் கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. வைகாசி கடந்து கச்சான் கிளம்பினால் அது தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும், காற்றை எதிர்த்துத் திரும்பி வர மாட்டாத விமானம் நேரே கடலுக்குத்தான். இதற்குப் பயந்துதான் பலர் பெரிய எஞ்சின் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அங்கே குதிரைவலுவைவிட புரொப்பெல்லரின் பிட்ச் முக்கியம், அதாவது ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. 10x4 என்றால் 10 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச். 10x4 புரொப்பை நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓட்டினால், வழுக்காமல் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 61 கி.மீ. வேகத்துக்கு மேல் தள்ள அதால் முடியாது. அதே எஞ்சினில் 9x6 போட்டு 11,000 சுற்று எடுத்தால் அந்தக் கணக்கு 100 கி.மீ. வரும். மணிக்கு 35 கி.மீ. காற்று எதிரே வரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: முதலாவது வானத்தில் ஏறக்குறைய நின்ற மாதிரிக் கத்தும், இரண்டாவது முன்னுக்கு வரும். ஆகவே காற்றில்லாத விடியற்காலைக்கு 10x4, பொதுவாக 9x5, கச்சான் காலத்துக்கு 9x6. மூன்றையும் சேர்த்தாலும் எஞ்சின் விலைக்குப் பக்கத்திலும் வராது. ஒன்று சொல்ல வேண்டும், 9x6 போட்டால் எழும்பும் முன் தரையில் ஓடுகிற ஓட்டம் கொஞ்சம் நீளும், இறங்கும்போது ஐட்லில்கூட இழுத்துக்கொண்டே வரும்.

இந்த ஊருக்கென்றே இன்னொரு காரணம் உப்பு. எல்ஏ வகையில் கிராங்க் தண்டு சுழல்வது வெண்கலப் புஷ்ஷில், குண்டு பெயாரிங் கிடையாது. அதனால் அதற்கு "மலிவு எஞ்சின்" என்று பெயர். பெயாரிங் உள்ளது சுற்றும் அதிகம், வலுவும் அதிகம், உண்மைதான். ஆனால் எரிபொருளில் இருக்கிற மெதனோல் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் எஞ்சினுக்குள் மிஞ்சினது ஈரம் பிடித்துப் பெயாரிங்கில் துரு ஏறும், கடற்காற்று வேறு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்த ஒரு பெயாரிங் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரிந்தது. பின் பெயாரிங்கைக் கழற்ற எஞ்சினையே சூடாக்க வேண்டியிருந்தது, புதியது வாங்க ஊரில் கடையும் இல்லை. என் புஷ் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. பறந்து முடிந்ததும் டாங்கியை வடித்துவிட்டு, மிச்சம் எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேற்றருக்குள் நாலு துளி எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவைப்பேன். அவ்வளவுதான். வெளியே எரிபொருளில் இருக்கிற ஆமணக்கெண்ணெய் கருகிப் பழுப்பாகப் படிந்திருக்கிறது, அழகுக்கு வைத்திருக்கிறவர்கள் சுரண்டலாம்.

எரிபொருள் எரியும் திரவம் என்பதால் விமானப் பார்சலில் வராது, கிடைக்கும்போது எடுத்துவைப்பதுதான் வழி. முழு த்ரொட்டிலில் 46 எஞ்சின் நிமிடத்துக்கு ஒரு அவுன்ஸ் அளவு குடிக்கும், 25 எஞ்சின் அதில் பாதியளவு. வலுவுக்காக எரிபொருளில் கலக்கிற நைட்ரோமெதேன் 5 சதவீதம் எனக்குத் தாராளம்.

நீடில், அதாவது எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு, அதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்ஏயில் அது எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது, புரொப்புக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகத் தேவையில்லை, புதியவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. முழு த்ரொட்டிலில் எரிபொருள் குழாயை ஒரு கணம் நசுக்கி விடுங்கள். சத்தம் சற்று ஏறிப் பிறகு இறங்கினால் சரியான இடம். ஏறாமல் நேரே விழுந்தால் கலவை வறண்டுவிட்டது (எரிபொருள் போதவில்லை), நீடிலைக் கொஞ்சம் திறக்க வேண்டும். நம்மூர் மத்தியான வெயிலில் காற்று அடர்த்தி குறைவதால் காலையில் வைத்த நீடில் சற்று அதிகமாக ஊட்டுவது போலிருக்கும். இருக்கட்டும், அந்தச் சூட்டில் வறட்சியைவிட அதுவே நல்லது.

பெரிய அளவை நானே சிபாரிசு செய்கிற இடம் ஒன்று உண்டு, மிதவை பூட்டித் தண்ணீரில் இருந்து ஏற்றுவது. தண்ணீர் இழுக்கிற இழுப்புக்கும் மிதவையின் பாரத்துக்கும் சின்ன எஞ்சின் திணறும். அந்த யோசனை இருக்கிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கிற மேல் எல்லையை எடுங்கள், 32 என்றால் 32.

எலக்ட்ரிக் பக்கம் போகிறவர்கள் மோட்டார் மேல் எழுதியிருக்கிற எண்ணைவிட வாட் கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 220 வாட் இருந்தால் ட்ரெய்னர் நன்றாகப் பறக்கும், 1.6 கிலோவுக்கு 350 வாட் போதும்.