உயிரற்ற பிளக் பாயிண்டைச் சோதிக்க மூன்று கருவிகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடிக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில் முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு பிற்காலத்தில் எழுப்பிய தளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர்களில் ஓதம் ஏறும்போது ஏதாவது ஒரு பிளக் பாயிண்ட் வேலை செய்யாமல் போவது வழக்கம். அதனால் நியான் டெஸ்டர், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஹோல்டரில் இரண்டு வயர் இணைத்த 40 வாட் குண்டு பல்பு ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

டெஸ்டர் மலிவானது, சட்டைப்பையில் கிடக்கும். ஆனால் அது பேஸ் (மின்சாரம் வரும் வயர்) இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும், நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் வயர்) பற்றி வாய் திறக்காது. நியூட்ரல் அறுந்த போர்டில் ஒரு பாயிண்டில் ஏதேனும் சாதனம் ஆன் நிலையில் இருந்தால், பேஸ் அந்தச் சாதனத்தின் வழியாகவே நியூட்ரல் வயருக்கும் வந்துவிடுவதால், சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். இதைக் கண்டு ‘இரண்டு பேஸ் வருகிறது’ என்று கலங்குபவர்களை ஊரில் இன்றும் காணலாம்.

மல்டிமீட்டர், வோல்டேஜ் குறைவைக் கண்டறியவும், மெயினை அணைத்தபின் வயரின் தொடர்ச்சியைப் பார்க்கவும் மிக நன்று. ஆயினும் அறுந்த வயர் ஒரே பைப்பில் மற்ற வயர்களோடு ஓடும்போது, அதில் தூண்டப்படும் பொய் வோல்டேஜையும் மீட்டர் உண்மைபோலக் காட்டிவிடும், ஏனெனில் அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம்.

என் மதிப்பீட்டில் முதலிடம் குண்டு பல்புக்கே. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே முழு ஒளியோடு எரிந்தால் பாயிண்டுக்கு இரண்டும் வருகின்றன. மங்கினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது வோல்டேஜ் குறைவு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சிறு கசிவுக்கே அது மினுக்கும்.

எங்கள் சமையலறையின் 15 ஆம்பியர் சாக்கெட்டில் டெஸ்டர் எரிந்தும் பல்பு எரியாமல் இருந்தது. போர்டைக் கழற்றியபோது, நியூட்ரல் திருகில் செப்புக் கம்பியின் நுனி பச்சைக் களிம்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. நுனியை வெட்டி, புதிய செம்பு தெரியும்படி சீவி இறுக்கியதும் சரியாயிற்று. சாக்கெட்டில் பழுது ஒன்றும் தெரியவில்லையென்றால் முந்தைய போர்டைப் பார்க்க வேண்டும். நியூட்ரல் போர்டுக்குப் போர்டு லூப் அடித்து வருவதால், பழுது அங்கே ஒளிந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை அவசியம். 2018 கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்த இப்பகுதியில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் மெயினை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டரையும் அணைத்து, மீண்டும் சோதித்த பிறகே போர்டைத் தொட வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று செய்யவே கூடாது.

பழைய எலக்ட்ரீசியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைப் போட்டு எர்த்தைச் சோதிப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி பொருத்திய வீட்டில் இது நடக்காது. 40 வாட் பல்பு ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் எடுப்பதால் அந்தக் கருவி உடனே டிரிப் ஆகிவிடும். எர்த் சோதனையை மட்டும் நான் அதற்குரிய மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடமே விட்டுவிடுகிறேன்.