சேலம் கடைவீதிகள்: அடுக்கு வாகன நிறுத்தமா, வாகனத் தடையா, நிறுத்தக் கட்டணமா?

பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, ராஜகணபதி கோயிலைக் கடந்து முதல் அக்ரஹாரத்துக்கோ சின்னக்கடை வீதிக்கோ நடப்பவருக்குத் தொலைவு ஒரு பொருட்டல்ல; இருபுறமும் நிற்கும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவில் ஊர்ந்துவரும் ஆட்டோக்களுக்கும் இடையே கால் வைக்க இடம் தேடுவதே பெரும்பாடு. அண்மை ஆண்டுகளில் நகருக்குப் பெரிய கட்டுமானங்கள் வராமல் இல்லை. 2020-இல் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலமும், 2023-இல் ஈரடுக்காக மீண்டும் கட்டப்பட்ட பழைய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டன. மேம்பாலம் ஊரைக் கடந்து செல்லும் வண்டிகளுக்கு உதவியது; பேருந்து நிலையம் ஊருக்குள் வருபவரைக் கடைவீதியின் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிந்தைய அரை கிலோமீட்டரை எப்படிச் சீர்செய்வது என்பதில் மூன்று வழிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

முதல் வழி, அடுக்குமாடி வாகன நிறுத்தம். வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் ஓமலூர் சாலைப் பெருங்கடைகளுக்குப் போய்விடுவார் என்ற அச்சம் வணிகர்களுக்கு இருப்பதால், அவர்களிடம் இதற்கு ஆதரவு கிடைப்பது எளிது. ஆனால் ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் வேண்டும். சாய்தளத்தையும் உள்வழியையும் சேர்த்தால் அது இருமடங்காகிவிடும். கார் நிற்கும் அதே இடத்தில் ஐந்தாறு இருசக்கர வாகனங்களை நிறுத்தலாம் என்பதையும், இந்த வீதிகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் டவுன் பஸ்ஸிலும் இருசக்கர வாகனத்திலும் வருபவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செலவு யாருக்காக என்ற கேள்வி எழுகிறது. கட்டுவதற்கான காலியிடமும் அருகில் அரிது. பேருந்து நிலையப் பணி நடந்தபோது பேருந்துகளுக்கே இடம் கொடுத்த போஸ் மைதானத்தை இதற்காக இழப்பது நல்ல பேரமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடை வாசலில் இலவசமாக நிறுத்த முடிகிறவரை, பணம் கொடுத்து மூன்றாவது மாடிக்கு வண்டியை ஏற்ற எவரும் முன்வரமாட்டார்.

இரண்டாவது வழி, வீதிகளில் வாகனங்களை அறவே தடுப்பது. இதற்குச் சென்னை பாண்டி பஜாரைச் சான்று காட்டுவார்கள். 2019-இல் அங்கே நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்டபோதும் வாகனங்கள் முற்றிலும் விலக்கப்படவில்லை என்பதையும், அந்தச் சாலையின் அகலம் நம் அக்ரஹாரத்துக்குக் கிடையாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சேலத்துக்குப் பொருத்தமான சான்று சேலத்திலேயே இருக்கிறது: தீபாவளி நெரிசலிலும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போதும் காவல்துறை தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிடுகிறது, வணிகமும் நடக்கத்தான் செய்கிறது. எனினும் பண்டிகைக் காலத்துக்குப் பொருந்துவது ஆண்டு முழுவதற்கும் பொருந்திவிடாது. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கமிருந்து மூட்டைகள் ஏற்றிவரும் ‘குட்டியானை’ சரக்கு வண்டிகள் எங்கே நிற்கும், வீதிக்குள் குடியிருக்கும் முதியவர் மருத்துவமனைக்கு எப்படிப் போவார் என்பவற்றுக்கு விடை வேண்டும். சரக்கு இறக்குவதைக் காலை பத்து மணிக்குள் முடித்து, மாலை நேரத்தில் மட்டும் தடை விதிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தள்ளுவண்டிகளையும் பூக்காரர்களையும் சேர்த்து விரட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பது தவறு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தவிரவும், நடந்து வருபவரை நின்று வாங்க வைப்பவர்களே அவர்கள்தாம்.

மூன்றாவது வழி, தெருவோர நிறுத்தத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் விதித்து, வீதியின் ஒரு பக்கத்தை முழுமையாக நடைபாதைக்கு விட்டுவிடுவது. திறப்பு விழாவுக்கு வாய்ப்பில்லாத திட்டம் என்பதால் இதைப் பேசுவோர் குறைவு. ஆனாலும் மற்ற இரண்டும் பலிப்பதற்கு இதுவே முன்நிபந்தனை என்பது என் கருத்து. கடைக்கு முன்னாலுள்ள நல்ல இடத்தைக் காலை முதல் இரவு வரை பிடித்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் வாடிக்கையாளரின் வண்டியல்ல, கடைக்காரருடையதோ அவர் ஊழியருடையதோதான். முதல் அரைமணிக்குச் சிறு தொகை, பின்னர் ஏறிக்கொண்டே போகும் கட்டணம் என்று வைத்தால் அந்த வண்டிகள் தாமாகவே பேருந்து நிலையத்தின் அடித்தள நிறுத்தத்துக்கு நகரும். ஊழியர்களுக்கு அங்கே மலிவான மாதச் சீட்டு தரலாம். ஏழு இடங்களில் ஒன்றாவது காலியாக இருக்குமளவுக்குக் கட்டணம் அமைந்தால் போதும், இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் குறைந்துவிடும். விடுபடும் பக்கத்தில், சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் குறித்துள்ள 1.8 மீட்டர் தடையற்ற நடைபாதைக்கு இடம் கிடைக்கும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாததால், பேருந்து நிலையம் வரை செலவின்றி வருபவருக்கு இந்த நடைபாதையின் பயன் நேரடியானது. டவுன் ரயில் நிலையத்தையும் கடைவீதிகளையும் இணைத்துச் சிறிய பேருந்துகள் அடிக்கடி சுற்றிவந்தால் ஷேர் ஆட்டோ நெரிசலும் தணியும்.

இதற்கும் ஓர் ஆபத்து உண்டு. வசூலை ஏலம் எடுப்பவரின் ஆட்கள் வாய்க்கு வந்ததைக் கேட்கத் தொடங்கினால் திட்டத்தின் பெயரே கெட்டுவிடும். இயந்திர ரசீது கட்டாயமாக வேண்டும். வசூலில் ஒரு பங்கு அதே வீதியின் நடைபாதைக்கும் சாக்கடை மூடிகளுக்கும் செலவாவது கடைக்காரர் கண்ணில் பட வேண்டும்.

ஆகவே கட்டணத்தை முதல் அக்ரஹாரத்தில் தொடங்கி, அது நிலைபெற்றபின் சின்னக்கடை வீதியில் மாலை நேரத் தடையைச் சேர்ப்பதே சரியான வரிசை. அடுக்குமாடிக் கட்டடத்தை அதன்பின் பேசலாம்: கட்டணம் வந்து ஓராண்டு ஆனபின்னும் அடித்தள நிறுத்தம் நாள்தோறும் நிரம்பி வழிந்தால், எத்தனை வண்டிகளுக்கு இடம் போதவில்லை என்ற கணக்கு அப்போது மாநகராட்சியின் கையில் இருக்கும்.