தோட்டத்துத் தொட்டிக்குக் கம்பூசியாவா, கப்பியா?

சின்னக் குளத்தில் கொசுப்புழுவை ஒழிக்கப் பெரும்பாலும் இந்த இரண்டு மீன்களைத்தான் சொல்வார்கள். இரண்டும் குட்டி போடுபவை, இரண்டுக்கும் வாய் மேல்நோக்கி இருக்கும். ஏடிஸ், கியூலெக்ஸ் வகைக் கொசுக்களின் புழுக்கள் மூச்சுவிட மேலே வந்து, நீர்மட்டத்தில் வாலை ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். அப்போது மீன் கீழிருந்து வந்து லபக்கென்று விழுங்கிவிடும்.

தின்பதில் கம்பூசியாதான் முன்னால். வளர்ந்த மீன் ஒன்று நாளைக்கு 100 முதல் 300 புழுக்கள் வரை தின்னும். கப்பி 80 முதல் 100 வரைதான். ஆனால் கம்பூசியா அதோடு நிற்பதில்லை. தலைப்பிரட்டை, மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு எதையும் விடாது; கூட இருக்கும் மீன்களின் வாலையும் கடிக்கும். 1928-ல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்த இந்த அமெரிக்க மீன், உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் (வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களைக் கெடுப்பவை) பட்டியலில் இருக்கிறது. மழையில் குளம் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விட்டால் திரும்பப் பிடிக்கவே முடியாது.

கப்பி சாது. அழுக்குத் தண்ணீரையும் தாங்கும், அலங்கார மீன் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். நிரம்பி வழியாத சிமெண்ட் தொட்டி என்றால் கப்பியே போதும். ஆனால் அதுவும் வெளிநாட்டு மீன்தான், ஏரியில் விடவே கூடாது. வயலோரக் குளமா? இரண்டுமே வேண்டாம். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம்மூர் முண்டக்கண்ணி மீன் அங்கே இந்த வேலையைச் செய்யும்.

அப்புறம், எந்த மீனை விட்டாலும் பாசியை அள்ளிவிடுங்கள். அதற்குள் புழு ஒளிந்துகொள்ளும். தீனியும் அள்ளிப் போடாதீர்கள், வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடிப் போகாது.