பயந்த கோளாறுக்கு ஆறு அமர்வு: ஒரு கவுன்சிலிங் சென்டர் அனுபவம்

திருச்சி தில்லைநகரில் ஒரு கிராஸில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் கவுன்சிலிங் சென்டர் ஒன்றுக்கு ஆறு முறை போய்வந்தேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதோடு அந்த மாடிப்படியில் ஏறுகிற யாருமே தன்னை நாலு பேர் பார்ப்பதை விரும்புவதில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு அமர்வு ஐம்பது நிமிஷம், 900 ரூபாய். ஆறுக்கு 5,400. காசு வீணாகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம்.

நடந்தது இதுதான். பெரம்பலூரில் ஒரு வேலை முடிந்து விடியற்காலையில் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாடாலூர் தாண்டி ரோட்டோரம் ஒரு டீக்கடை. டீ வாங்கினேன், ஜிபேயில் காசு போட்டேன், கிளாஸை இன்னும் வாயில் வைக்கவில்லை. பின்விளக்கு எரியாமல் ஓரங்கட்டி நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு கார் வந்து செருகிக்கொண்டது. பிரேக் போட்ட சத்தமே இல்லை. ஓட்டியவர் கண் அயர்ந்திருக்கலாம் என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள். காரில் இரண்டு பேர். பின் சீட்டில் இருந்தவர் பிழைத்துவிட்டார். ஓட்டியவர் பிழைக்கவில்லை. அதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன், உங்களுக்கு அது தேவையும் இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குள் தங்கிப்போனவை மூன்று: அந்தக் காரின் இண்டிகேட்டர் யாரும் நிறுத்தாமல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, ரேடியேட்டரில் இருந்து ஒழுகிய கூலன்ட்டின் ஒருமாதிரி இனிப்பு வாடை, தார் ரோட்டில் சிதறிக் கிடந்த கண்ணாடித் தூள். அது பார்க்க அச்சு அசல் கற்கண்டு மாதிரியே இருந்தது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. செத்தது என் சொந்தக்காரனும் இல்லை. அதனால் எனக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல்யாண ரிசப்ஷன். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனத் தட்டை நீட்டி, கூடவே கற்கண்டுக் கிண்ணத்தையும் ஒரு சின்னப் பெண் நீட்டினாள். அவ்வளவுதான், வியர்த்து ஊற்றி, மண்டபத்து வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சுகர் டவுன் ஆகிவிட்டது என்று அதே கற்கண்டை வாயில் திணிக்க வந்தார்கள். இப்போது சிரிப்பாக இருக்கிறது.

சென்டருக்குப் போவதற்கு முன் முயற்சி செய்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

முதல் சிகிச்சை அம்மாவுடையது. "உனக்குப் பயந்த கோளாறுடா" என்று ஒரே வரியில் சொல்லி, சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மக்ரிப் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதிக்கொள்ள, கைக்குழந்தையோடு பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் முப்பத்து நான்கு வயசில், மீசையோடு நான். ஒரு பெரியவர் சிரிக்காமல் என் தலையிலும் ஊதிவிட்டுப் போனார். அன்றைக்கு நான்கு மணி நேரம் தூங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். செலவு: பூஜ்யம். ஆனால் மறுநாள் ராத்திரி பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்தது எங்கள் ஏரியா டாக்டர். இரண்டு நிமிஷம் கேட்டார், தூக்க மாத்திரை எழுதினார், பதினைந்து நாளைக்கு. இதுபோன்ற அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில், தூக்கம் வரவைக்கிற பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டால் தூக்கம் வந்தது, காலையில் தலைக்குள் ஈரச் சாக்கு வைத்த மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு மொபைல் ஆப். "நீங்கள் இன்று எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்று கேட்டு ஐந்து பொம்மை முகங்களைக் காட்டியது. அழுகிற முகத்தைத் தொட்டால் கடல் அலைச் சத்தம் போட்டது. ஒரு வாரம் இலவசம் என்றார்கள், எட்டாம் நாள் காலை ஐந்து மணிக்கே 499 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நட்சத்திரத்துக்குப் பூஜ்யம்.

உண்மையில் கைகொடுத்தது 14416 என்ற போன் உதவி எண். டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று மத்திய அரசு தொடங்கியது. நம் ஊரில் நட்புடன் உங்களோடு மனநல சேவை என்று பெயர். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். எடுத்த பெண் பெயரைக்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை, "இப்ப எங்க இருக்கீங்க, கீழ இறங்கி வந்து உட்கார்ந்து பேசலாமா" என்றுதான் ஆரம்பித்தார். மாடி என்றதும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று கீழே வந்த பிறகுதான் உறைத்தது. இருபது நிமிஷம் பேசினேன். நேரில் ஒருவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காசில்லாமலே பார்க்கலாம் என்றார். வேலை நேரத்தோடு ஓ.பி. நேரம் ஒத்துவராததால்தான் நான் தனியாரிடம் போனேன். உங்களுக்கு ஒத்துவந்தால் அங்கேயே போங்கள்.

சரி, சென்டருக்கு வருவோம்.

முதல் நாள் அனுபவம் மோசம், ஆனால் கவுன்சிலரால் இல்லை. காத்திருக்கும் ஹாலில் ஒரு டிவி. அதில் செய்தி சேனல். செய்தியில் என்ன? "பதைபதைக்க வைக்கும் சிசிடிவி காட்சிகள்!" ஒரு பேருந்து, ஒரு ஆட்டோ, சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக்கி, மறுபடி மறுபடி. மனசு சரியில்லை என்று வருகிற இடத்தில் இதை ஓடவிட யாருக்குத் தோன்றியதோ. எழுந்து படியிறங்கிப் பாதி தூரம் வந்துவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் ஓடிவந்து கூட்டிப் போனார். உள்ளே போய் முதல் வேலையாக இதைத்தான் புகாராகச் சொன்னேன், அடுத்த வாரத்திலிருந்து டிவியில் முருகன் பாட்டு. இன்னொரு குறை, அறைக்கு அறை நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. பக்கத்து அறையில் ஒருவர் அழுவது கேட்கிறது என்றால் நான் அழுதது அவருக்கும் கேட்டிருக்கும். 900 ரூபாய் வாங்குகிறவர்கள் சுவர் எழுப்பலாம்.

கவுன்சிலர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. "என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கே சொல்லணும்னு இல்ல தம்பி. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வண்டி ஓட்டுறீங்களா?" இதுதான் முதல் கேள்வி. அதுவரை பார்த்த எல்லோரும், மச்சானிலிருந்து ஆபீஸ் வாட்ச்மேன் வரை, "ஆளு ஸ்பாட்லயே காலியா?" என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். சூட்டோடு சூடாக எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி ஒரே அமர்வில் வாங்கிவிடுவது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்ததாம், பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும்கூட என்று இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்றார்.

எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே அசிங்கமாக இருக்கிறது என்றேன். அடிபட்டவரை மட்டுமல்ல, நேரில் கண்ணால் பார்த்தவரையும் மருத்துவம் சேர்த்துத்தான் கணக்கெடுக்கிறது என்றார். "ஒரு மாசம் வரைக்கும் உடம்பு அந்தப் பயத்த ஜீரணிக்கிற காலம். நிறையப் பேருக்குத் தன்னால இறங்கிடும். மாசம் தாண்டியும் இறங்கலன்னாதான் அதுக்கு வேற பேரு." நான் போனது இருபத்தாறாம் நாள்.

நண்பன் ஒருவன், மேலிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேம் விளையாடினால் சரியாகிவிடும் என்று அனுப்பியிருந்தான். அதையும் கேட்டேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வாகன விபத்தில் சிக்கி வந்த 71 பேரை வைத்து நடந்த ஆய்வு அது, 2017ல் வெளிவந்தது. நடந்ததை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டு விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று வருவது குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் விளையாடியது விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள். "நீங்க இருபத்தாறு நாள் கழிச்சு கேக்குறீங்க" என்று சிரித்தார். நான் இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

முதல் வார வீட்டுப்பாடம்: விபத்து வீடியோவை அழிக்க வேண்டும். ஆமாம், அன்று அங்கே நின்ற யாரோ எடுத்த வீடியோ, ஊர் சுற்றி, மதியத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே வந்துவிட்டது. ஓரத்தில் என் நீலச் சட்டை தெரிகிறது. சித்தப்பா அழுகிற பொம்மை போட்டு அனுப்பியிருந்தார், அதில் நிற்பது நான் என்று தெரியாமல். எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது அமர்வுதான் எனக்கு எல்லாம். அதற்கு மட்டும் 5,400ஐயும் கொடுக்கலாம். எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: மரம் மாதிரி நின்றுவிட்டேன், பத்து நிமிஷம் ஒன்றும் செய்யவில்லை, ஓடியிருந்தால் அந்த மனுஷர் பிழைத்திருப்பார். அந்த அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "போன எடுங்க" என்றார். டீக்கு ஜிபே போட்ட நேரம் என்ன? 5.41. 108க்குக் கூப்பிட்டது? கால் லாக்கில் 5.42. எனக்கு மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் என்று வாரக்கணக்கில் நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது இரண்டு நிமிஷம்கூட முழுசாக இல்லை. பிறகு ஒரு ஏ4 தாளில் நிமிஷம் நிமிஷமாக எழுத வைத்தார்: லாரிக்காரரோடு சேர்ந்து வண்டிகளை ஒதுக்கியது, கழுத்தை அசைக்க வேண்டாம் என்று போனில் சொன்னதால் இழுக்காமல் விட்டது, பின் சீட்டில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியாகச் சொன்னது எனக்குச் சுத்தமாக நினைவிலேயே இல்லை, எழுதும்போதுதான் வந்தது. அந்தத் தாள் இப்போதும் பீரோவில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் அந்த அம்மாவால் உதவ முடியவில்லை. போலீசிடமிருந்து போன் வந்தது, கோர்ட் கேஸ் என்று அலைய வேண்டுமோ என்ற பயம். அதை ஒரு வக்கீல் நண்பர்தான் தெளிவாக்கினார். விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க 2016ல் உச்சநீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த விதிமுறைகள், 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே சேர்ந்துவிட்டன. உதவியவர் மீது சிவிலோ கிரிமினலோ பொறுப்பு சுமத்த முடியாது, பெயர் விவரம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, தானாகச் சாட்சி சொல்ல வந்தால் ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். நானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், முக்கால் மணி நேரம். இதை ஒரு நோட்டீஸாக அடித்து அந்த ஹாலில் டிவி இருக்கும் சுவரில் ஒட்டினால் எத்தனையோ பேருக்கு உதவும். சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நான்கும் ஐந்தும் பயிற்சி. நிறுத்திய ஸ்கூட்டரில் உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டு இரண்டு நிமிஷம் கேட்பது, பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதுவது. முதல் நாள் எட்டு, ஒரு வாரத்தில் மூன்று. கற்கண்டும் வீட்டுப்பாடத்தில் வந்தது, என் பெண் கூடவே உட்கார்ந்து பாதியைத் தின்றுவிட்டாள். எரிச்சல் என்னவென்றால் இன்சூரன்ஸ். மனநோய்க்கும் உடல்நோய் மாதிரியே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் என் பாலிசி எந்த நோய்க்கும் வெளிநோயாளிச் செலவு தராது, அதனால் இதற்கும் தராது. சட்டப்படி சமம்தான்.

ஆறாவது அமர்வுக்கு முன்னால் அதே டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும், தனியாக இல்லை, யாரையாவது கூட்டிக்கொண்டு. மச்சானோடு போனேன். லாரி நின்ற இடத்தில் யாரோ மணல் கொட்டியிருந்தார்கள், மணலோரத்தில் இரண்டு மூன்று கண்ணாடித் துண்டு இன்னும் மின்னியது. மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "அண்ணே, அன்னிக்கு காசு போட்டுட்டு டீ குடிக்காமப் போய்ட்டீங்கள்ல" என்று ஒரு கிளாஸை நீட்டினார். காசு வாங்கவில்லை. நான் கவுன்சிலிங், ஆறு வாரம் என்று ஏதோ உளறினேன். அவர் பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, "எனக்கு இங்க மாசத்துக்கு ஒண்ணு பாக்குறதா இருக்குண்ணே, ராத்திரி கடையில தனியாப் படுக்கிறத விட்டுட்டேன்" என்றார்.

காலண்டரில் பால் கணக்கு எழுதும் பேனாவை வாங்கி, அன்றைய தேதிக்குக் கீழே 14416 என்று எழுதிக் காட்டினேன். "இது எந்த ஊரு நம்பர்ணே, அஞ்சு எண்ணுதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.